டிபக்கர் நிற்கவில்லை, டேட்டா சேரவில்லை: இரண்டு சர்வர்களுக்கு இடையே பிழை தேட ஒரு முழு வழிகாட்டி

ஒரு டேட்டாபேஸ் சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவைக் கொண்டுபோகும் நிரல் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூல சர்வரில் இருக்கும் சில ரெக்கார்டுகள் இலக்கு சர்வரில் இல்லை. லாக் கோப்பில் பிழை ஒன்றும் பதிவாகவில்லை. சரி, பிரேக்பாயின்ட் (நிரல் எந்த வரியில் நிற்க வேண்டும் என்ற குறி) வைத்துப் பார்த்துவிடலாம் என்று டிபக்கரை (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியை) இணைத்தால், அதுவும் நிற்கவே இல்லை.

இந்த இரண்டு தொல்லைகளும் ஜோடியாக வருவது வழக்கம்தான். ஒத்திசைவு நிரல்கள் பெரும்பாலும் சர்வீஸாக, வேறொரு கணினியில், ரிலீஸ் முறையில் கம்பைல் செய்யப்பட்டு, வேறொரு பயனர் பெயரில் ஓடுகின்றன. டிபக்கருக்குச் சிரமம் தரும் எல்லாமே அங்கே கூடியிருக்கும். இரண்டுக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் ஒன்றே: நாம் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பதும் ஒன்றுதானா? இதை உறுதி செய்யாமல் நிரலில் கை வைப்பதுதான் இந்த வேலையில் நேரத்தை மொத்தமாகத் தின்கிறது.

படி 1: சிக்கலை ஒரே ரெக்கார்டாகச் சுருக்குங்கள்

டிபக்கரை உடனே திறக்க வேண்டாம். "சில ரெக்கார்டுகள் வரவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. "ஆர்டர் டேபிளில் 48213 என்ற ஐடி மூலத்தில் இருக்கிறது, இலக்கில் இல்லை" என்று சொல்லும் நிலைக்கு முதலில் வாருங்கள். அப்புறம் அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். 48212, 48214 இரண்டும் வந்திருக்கின்றனவா?

பக்கத்து ரெக்கார்டுகள் வந்து இது மட்டும் வராமல் இருந்தால், பெரும்பாலும் அது நேரம் சார்ந்த பிழை அல்லது அந்த ஒரு ரெக்கார்டின் மதிப்பு சார்ந்த பிழை. ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு எதுவுமே வரவில்லை என்றால் ஒத்திசைவே நின்றுபோயிருக்கிறது. ரெக்கார்டு வந்திருக்கிறது, ஆனால் பழைய மதிப்போடு இருக்கிறது என்றால் அப்டேட் பாதையைப் பாருங்கள். மூலத்தில் அழித்தது இலக்கில் இன்னும் இருக்கிறது என்றால், டெலீட்டை யாருமே கவனிக்கவில்லை என்று பொருள். எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது.

படி 2: எந்த சர்வரோடு பேசுகிறீர்கள் என்று சர்வரிடமே கேளுங்கள்

கான்ஃபிக் கோப்பில் எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது. என்விரான்மென்ட் வேரியபிள் ஒன்று அதை ஓரங்கட்டியிருக்கலாம். சர்வீஸ் வேறு ஃபோல்டரில் இருக்கும் பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருக்கலாம். லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் ரெப்ளிகா (நகல் சர்வர்) ஒன்றில் நீங்கள் வினவல் ஓட்டிக்கொண்டிருக்கலாம்; அந்த ரெப்ளிகா சில நிமிடங்கள் பின்தங்கியிருந்தால், இல்லாத சிக்கலைத் தேடி அலைவீர்கள்.

ஆகவே நிரல் திறக்கும் அதே கனெக்ஷன் வழியாக சர்வரின் அடையாளத்தைக் கேளுங்கள். எஸ்கியூஎல் சர்வரில் சர்வர்நேம் என்ற உள்ளமைந்த மாறியும் டிபி_நேம் ஃபங்ஷனும் உண்டு. போஸ்ட்கிரெஸில் கரன்ட்_டேட்டாபேஸ், இனெட்_சர்வர்_அட்ர் (inet_server_addr) ஃபங்ஷன்கள். மைஎஸ்கியூஎல்லில் ஹோஸ்ட்நேம், சர்வர்_யூயூஐடி மாறிகள். நிரல் துவங்கும்போதே இந்த விவரங்களையும், தன் ப்ராசஸ் ஐடி, பில்ட் பதிப்பு, டிஎல்எல் (கம்பைல் ஆன நிரல் கோப்பு) இருக்கும் பாதை ஆகியவற்றையும் லாகில் எழுதும்படி செய்துவிடுங்கள். நான்கைந்து வரிகள் எழுதும் வேலைதான். அடுத்த படிகள் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

கனெக்ஷனே கிடைக்கவில்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள்: எஸ்கியூஎல் சர்வருக்கு வழக்கமாக 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. டாட்நெட் நிரல் நேற்றுவரை ஓடி, லைப்ரரியைப் புதுப்பித்ததும் சான்றிதழ் பிழை காட்டினால் அதற்குக் காரணம் தெளிவானது. மைக்ரோசாஃப்ட் டேட்டா எஸ்கியூஎல்கிளையன்ட் லைப்ரரி 4.0 பதிப்பிலிருந்து கனெக்ஷனை என்கிரிப்ட் செய்வதை இயல்பாக்கிவிட்டது. சர்வரில் நம்பகமான சான்றிதழை நிறுவுவதுதான் சரியான தீர்வு. சான்றிதழைச் சரிபார்க்காமல் நம்பச் சொல்லும் அமைப்பைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: பிரேக்பாயின்ட் ஏன் நிற்கவில்லை

விஷுவல் ஸ்டூடியோவில் சிவப்பு வட்டம் நிறைந்திருக்காமல் உள்ளீடற்ற வளையமாக மாறினால், அதன் மேல் மவுஸை வையுங்கள். இந்த பிரேக்பாயின்டில் இப்போதைக்கு நிற்காது, சிம்பல்கள் (கம்பைல் ஆன நிரலைச் சோர்ஸ் வரிகளோடு இணைக்கும் தகவல்) ஏற்றப்படவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரும். இதைப் பார்த்ததும் பலர் கிளீன், ரீபில்ட் என்று திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அதற்கு முன்னால் திறக்க வேண்டியது மாட்யூல்ஸ் விண்டோ. டிபக் மெனுவில் விண்டோஸ் என்பதற்குள், டிபக்கிங் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் அது தெரியும்.

அந்தப் பட்டியலில் உங்கள் டிஎல்எல்லைத் தேடுங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால், ப்ராசஸ் அதை இன்னும் ஏற்றவில்லை. அல்லது நீங்கள் இணைத்திருப்பது வேறு ப்ராசஸ். பட்டியலில் இருந்தால் பாதையைப் பாருங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டின் பின் (bin) ஃபோல்டர் அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் வேறு ஏதோ ஒரு டிப்ளாய் ஃபோல்டர் இருக்கும். நீங்கள் ரீபில்ட் செய்துகொண்டே இருந்தது ஓடாத ஒரு பிரதியை என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். பாதை சரி என்றால் சிம்பல் ஸ்டேட்டஸைப் பாருங்கள். சிம்பல் கோப்பான பிடிபி, பெயர் ஒத்திருப்பதால் மட்டும் ஏற்றப்படாது. டிஎல்எல்லுக்குள் ஓர் அடையாள எண் பதிந்திருக்கிறது, பிடிபிக்குள்ளும் அதே எண் இருக்க வேண்டும். சர்வரில் ஓடும் டிஎல்எல் ஒரு பில்டிலிருந்தும், உங்களிடம் இருக்கும் பிடிபி இன்னொரு பில்டிலிருந்தும் வந்திருந்தால் இரண்டும் சேராது. அதனால்தான் வெளியிடும் ஒவ்வொரு பில்டின் பிடிபியையும் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்கிறார்கள்.

பிடிபி ஏறிவிட்டது, ஆனால் சோர்ஸ் கோப்பு ஒத்துப்போகவில்லை என்று செய்தி வருகிறதா? கம்பைல் செய்தபோது இருந்த சோர்ஸ் கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள மதிப்பு) பிடிபியில் இருக்கிறது. இப்போது திறந்திருக்கும் கோப்பு அதோடு பொருந்தவில்லை. சோர்ஸ் கோப்பு அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் பிரேக்பாயின்ட் நிற்கத் துவங்கும் என்பது உண்மை. ஆனால் சம்பந்தமில்லாத வரியில் நிற்கும், பார்க்கும் மதிப்புகளும் குழப்பும். அதை அணைக்காமல், கிட்டில் (Git) அந்த பில்டுக்கு உரிய கமிட்டை செக்அவுட் செய்துகொள்ளுங்கள்.

சிம்பலும் சோர்ஸும் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால், ஜஸ்ட் மை கோட் அமைப்பைச் சந்தேகிக்கலாம். ஆப்டிமைஸ் செய்யப்பட்ட ரிலீஸ் பில்டை அது உங்களுடைய நிரலாகவே கருதாது. அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். இணைக்கும் உரையாடல் பெட்டியில் நிரல் வகையும் சரியாக இருக்க வேண்டும். டாட்நெட் ப்ராசஸை நேட்டிவ் என்று தேர்ந்தெடுத்து இணைத்தால் எந்த பிரேக்பாயின்டும் வேலை செய்யாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று ப்ராசஸ்கள் ஓடுவதும் சகஜம். லாகில் எழுதிய ப்ராசஸ் ஐடி இங்கேதான் கைகொடுக்கும்.

விண்டோஸ் சர்வீஸில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. சர்வீஸ் துவங்கிய பிறகுதான் டிபக்கரை இணைக்க முடியும். அதற்குள் துவக்கத்தில் ஓட வேண்டிய பகுதி ஓடி முடிந்திருக்கும். துவக்க ஃபங்ஷனில் டிபக்கர் லாஞ்ச் அழைப்பைப் போட்டு நிறுத்தலாம்தான். ஆனால் சர்வீஸ் துவங்கி பதில் சொல்ல விண்டோஸ் இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். இதைவிட, அதே நிரலைக் கன்சோலாகவும் ஓடும்படி எழுதிவைப்பது நல்லது. டிபக் செய்வது மிகவும் எளிதாகிவிடும்.

தொலைவிலுள்ள கணினி என்றால் அங்கே ரிமோட் டிபக்கர் ஓட வேண்டும். அதன் பதிப்பு உங்கள் விஷுவல் ஸ்டூடியோ பதிப்போடு ஒத்திருக்க வேண்டும். 2022 பதிப்புக்கு இயல்பான போர்ட் 4026, 2019 பதிப்புக்கு 4024. ஃபயர்வாலில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற சூழல்களில்

ஜாவாவில் டிபக் போர்ட்டாக வழக்கத்தில் 5005 கொடுப்பார்கள். ஜாவா 8 வரை வெறும் எண்ணைக் கொடுத்தாலே எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஜாவா 9 முதல் வெறும் எண் கொடுத்தால் அதே கணினிக்குள் மட்டும்தான். பதிப்பை உயர்த்தியதும் ரிமோட் டிபக்கிங் உடைந்துபோனதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம். எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் சேர்த்தால் பழையபடி திறக்கும், ஆனால் அப்படித் திறக்காதீர்கள். அந்த நெறிமுறையில் கடவுச்சொல் எதுவும் இல்லை. போர்ட்டை எட்ட முடிந்த எவரும் உங்கள் ப்ராசஸுக்குள் தான் விரும்பியதை ஓட்டலாம். எஸ்எஸ்எச் டனல் (என்கிரிப்ட் செய்த வழி) போட்டு உள்ளே போவதுதான் பாதுகாப்பு.

லினக்ஸில் ஜிடிபி டிபக்கர் இணைய மறுத்தால், யாமா என்ற கர்னல் பாதுகாப்பின் பிட்ரேஸ்_ஸ்கோப் மதிப்பைப் பாருங்கள். அது 1 என்றிருந்தால் சாதாரண பயனரால் தான் துவக்கிய சைல்ட் ப்ராசஸைத்தான் டிபக் செய்ய முடியும், ஏற்கெனவே ஓடும் ப்ராசஸில் இணைய முடியாது. டாக்கர் கன்டெய்னருக்குள் என்றால் சிஸ்_பிட்ரேஸ் அனுமதியும் தேவைப்படலாம். நோட் ஜேஎஸ்ஸில் இயல்பான போர்ட் 9229, அதுவும் அதே கணினிக்குள் மட்டும் திறக்கும். டைப்ஸ்கிரிப்ட்டில் பிரேக்பாயின்ட் தவறான இடத்தில் நின்றால் சோர்ஸ் மேப் பழையது.

ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் நிரலுக்குள்) போக வேண்டும் என்றால்: எஸ்எஸ்எம்எஸ் (எஸ்கியூஎல் சர்வரின் மேலாண்மைக் கருவி) 18 பதிப்பில் டி-எஸ்கியூஎல் டிபக்கரை நீக்கிவிட்டார்கள், விஷுவல் ஸ்டூடியோ வழியாகத்தான் செய்ய வேண்டும். அதற்குச் சர்வரில் சிஸ்அட்மின் உரிமையும் வேண்டும். பெரும்பாலும் பதிவு எழுதிப் பார்ப்பதே போதும். ஆனால் ட்ரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே நிலைக்கும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்புக்குள்) லாக் டேபிளில் எழுதினால், ரோல்பேக் (ரத்து) ஆகும்போது அந்தப் பதிவும் சேர்ந்தே போய்விடும். பிழை நேர்ந்த சமயத்தின் தடயம்தான் உங்களுக்கு வேண்டும், அதுதான் அழியும். எஸ்கியூஎல் சர்வரில் டேபிள் வேரியபிளில் எழுதியது ரோல்பேக்குக்குப் பிறகும் தங்கும். அதில் சேர்த்துவைத்து, ரோல்பேக் முடிந்ததும் நிரந்தர டேபிளுக்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸில் ரெய்ஸ் நோட்டீஸ் போதும்.

படி 4: நிற்கிற இடத்தில் ட்ரான்சாக்ஷன் திறந்திருக்கிறதா

இதை மட்டும் தயவுசெய்து அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் நிரல் ஒரு ட்ரான்சாக்ஷனைத் துவக்கி, 200 ரெக்கார்டுகளை மாற்றிவிட்டு, கமிட்டுக்கு (மாற்றங்களை உறுதி செய்வதற்கு) முன்னால் பிரேக்பாயின்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வேரியபிள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் அந்த 200 ரெக்கார்டுகளின் பூட்டு (lock) உங்கள் கையில் இருக்கிறது. அவற்றை மாற்ற வரும் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். டாட்நெட்டில் ஒரு கமாண்டின் இயல்பான காத்திருப்பு 30 விநாடி. அதற்குள் நீங்கள் எஃப்5 அழுத்தாவிட்டால் மற்றவர்களுக்கு டைம்அவுட் பிழைகள் வரத் துவங்கும். போஸ்ட்கிரெஸில் உங்கள் செஷன் ஐடில் இன் ட்ரான்சாக்ஷன் என்று பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் தெரியும். நீண்ட நேரம் அப்படியே இருந்தால் வேக்யூமாலும் பழைய ரெக்கார்டு பதிப்புகளைச் சுத்தம் செய்ய முடியாது.

பயன்பாட்டில் உள்ள சர்வரில் ஓடும் நிரலில் நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ட்ரேஸ்பாயின்ட் அல்லது லாக்பாயின்ட் வையுங்கள். நிரல் நிற்காமல், அந்த வரியைத் தாண்டும்போது மதிப்புகளை மட்டும் எழுதிவிட்டுப் போகும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மூலத்தின் பேக்கப்பைச் சோதனை சர்வரில் ரீஸ்டோர் செய்து, அங்கே நிறுத்துங்கள்.

இன்னொன்று: பிரேக்பாயின்டில் நிற்பதே நேர வரிசையை மாற்றிவிடுகிறது. அடுத்த படியில் வரும் பிழை, டிபக்கரில் நிதானமாக வரி வரியாக நகர்த்தும்போது பெரும்பாலும் தலைகாட்டாது.

படி 5: விடுபட்ட ரெக்கார்டின் நேரக்கணக்கு

நாமே எழுதும் ஒத்திசைவு நிரல்களில் பெரும்பாலானவை ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. ஒவ்வொரு டேபிளிலும் கடைசியாக மாறிய நேரம் என்று ஒரு நெடுவரிசை. கடைசியாகப் படித்த நேரத்தை ஒரு குறியாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு மாறியவற்றை எடுத்துவருவது. பார்க்கச் சரியாக இருக்கும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கடிகாரத்தோடு பார்ப்போம்.

10:00:00 – ஒரு ட்ரான்சாக்ஷன் துவங்கி 48213-ஐச் சேர்க்கிறது. மாறிய நேரம் 10:00:00 என்று பதிகிறது. இன்னும் கமிட் ஆகவில்லை.
10:00:02 – வேறொரு ட்ரான்சாக்ஷன் 48214-ஐச் சேர்த்து உடனே கமிட் செய்கிறது.
10:00:04 – ஒத்திசைவு ஓடுகிறது. 48214 தெரிகிறது, 48213 தெரியவில்லை. புதிய குறி 10:00:02.
10:00:06 – முதல் ட்ரான்சாக்ஷன் கமிட் ஆகிறது.
10:05:00 – அடுத்த ஒத்திசைவு. 10:00:02-க்குப் பிறகு மாறியவற்றைக் கேட்கிறது. 48213-இன் நேரம் 10:00:00.

அந்த ரெக்கார்டு இனி எந்தச் சுற்றிலும் வராது. பிழைச் செய்தியும் கிடையாது. போஸ்ட்கிரெஸில் நவ் ஃபங்ஷன் தருவது ட்ரான்சாக்ஷன் துவங்கிய நேரத்தை. ஆகவே ட்ரான்சாக்ஷன் நீள நீள ஆபத்தும் கூடும். நேரத்துக்குப் பதிலாகத் தானாக ஏறும் ஐடியைக் குறியாக வைத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் ஐடி கிடைக்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றல்ல.

எஸ்கியூஎல் சர்வரின் இயல்பான ரீட் கமிட்டட் நிலையில், படிப்பவர் அந்த ரெக்கார்டின் பூட்டுக்காகக் காத்திருப்பார், அதனால் இது பெரும்பாலும் ஒளிந்துகிடக்கும். ஸ்னாப்ஷாட் முறையை (காத்திருக்காமல், ஏற்கெனவே கமிட் ஆன மதிப்பைப் படிப்பதை) இயக்கிய அன்று வெளியே வரும். காத்திருப்பைத் தவிர்க்க நோலாக் (பூட்டைப் பொருட்படுத்தாமல் படி என்ற குறிப்பு) போட்டால் நிலைமை இன்னும் மோசம். கமிட் ஆகாததையும் படிப்பீர்கள். அது ரோல்பேக் ஆனால் மூலத்தில் என்றுமே இல்லாத ரெக்கார்டு இலக்கில் உட்கார்ந்திருக்கும்.

சரிசெய்ய வழிகள் உண்டு. எளிமையானது: குறியிலிருந்து கொஞ்சம் பின்னால் போய்ப் படிப்பது. உங்கள் சிஸ்டத்தில் ஓடும் மிக நீளமான ட்ரான்சாக்ஷனைவிட அந்த இடைவெளி அதிகமாக இருக்க வேண்டும். ஒரே ரெக்கார்டு பலமுறை வரும் என்பதால், எழுதுவது எத்தனை முறை நடந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து இருக்கும் ஆன் கான்ஃப்ளிக்ட், மைஎஸ்கியூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் இதற்காகத்தான். எஸ்கியூஎல் சர்வரில் மெர்ஜ் பயன்படுத்தினால் ஹோல்ட்லாக் (பூட்டைப் பிடித்துவைக்கும்) குறிப்பையும் சேருங்கள், இல்லாவிட்டால் இரண்டு செஷன்கள் ஒரே நேரத்தில் நுழைந்து டூப்ளிகேட் கீ பிழை வரலாம். எஸ்கியூஎல் சர்வரில் ரோவெர்ஷன் (ரெக்கார்டு மாறும்போதெல்லாம் தானாக ஏறும் எண்) நெடுவரிசை இருந்தால் இன்னும் துல்லியமான வழி இருக்கிறது: மின்_ஆக்டிவ்_ரோவெர்ஷன் ஃபங்ஷன், கமிட் ஆகாமல் இருப்பவற்றில் மிகச் சிறிய மதிப்பைத் தரும். அதற்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, குறியையும் அங்கேயே நிறுத்துங்கள்.

குறியை எங்கே சேமிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தனிக் கோப்பில் வேண்டாம். இலக்கு டேட்டாபேஸிலேயே, டேட்டாவை எழுதும் அதே ட்ரான்சாக்ஷனில் எழுதுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் இரண்டும் சேர்ந்தே நிற்கும் அல்லது சேர்ந்தே போகும். 1000, 1000 ஆகப் பிரித்துப் படிப்பவர்கள் நேரத்தோடு ஐடியையும் சேர்த்துக் குறியாக வையுங்கள். ஒரே நேரத்தில் மாறிய 1500 ரெக்கார்டுகள் இருந்தால், நேரத்தை மட்டும் வைத்துத் தாண்டும்போது 500 விட்டுப்போகும். நேரம் எப்போதும் மூல சர்வரின் கடிகாரத்திலிருந்து, யூடிசியில் வரட்டும்.

டெலீட்டை இந்த முறையால் பார்க்கவே முடியாது. அழிந்த ரெக்கார்டுக்கு மாறிய நேரம் ஏது? அழிக்காமல் அழிந்ததாகக் குறிக்க வேண்டும், அல்லது அழிந்த ஐடிகளை ட்ரிக்கர் மூலம் தனி டேபிளில் எழுத வேண்டும். இரண்டுமே முடியாது என்றால் டேட்டாபேஸின் ட்ரான்சாக்ஷன் லாகிலிருந்து (log) மாற்றங்களைப் படிக்கும் முறைக்குப் போக வேண்டியதுதான்.

படி 6: டேட்டாபேஸின் சொந்த ரெப்ளிகேஷன் நின்றால்

மைஎஸ்கியூஎல்லில் ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் கட்டளையிலிருந்து துவங்குங்கள், 8.0.22-க்கு முந்தைய பதிப்புகளில் ரெப்ளிகா என்பதற்குப் பதில் ஸ்லேவ். அங்கே இரண்டு த்ரெட்களின் நிலை தெரியும். ஐஓ த்ரெட் நின்றிருந்தால் நெட்வொர்க், கடவுச்சொல், அல்லது மூலத்தில் பின்லாக் (மாற்றங்களைப் பதியும் binlog) கோப்பு காலாவதியாகி அழிந்தது. 8.0-இல் பின்லாக் இயல்பாக 30 நாள் தங்கும். அதைவிட நீண்ட காலம் ரெப்ளிகா படுத்திருந்தால் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். விர்ச்சுவல் மெஷினை அப்படியே குளோன் செய்து ரெப்ளிகா ஆக்கியிருந்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி இருக்கும், ரெப்ளிகேஷன் துவங்காது. ரெப்ளிகாவில் ஆட்டோ.சிஎன்எஃப் கோப்பை அகற்றிவிட்டு மறுபடி துவக்கினால் புது ஐடி உருவாகும்.

எஸ்கியூஎல் த்ரெட் 1062 எண்ணோடு நின்றால், சேர்க்க வந்த ரெக்கார்டு ஏற்கெனவே இருக்கிறது. 1032 என்றால், மாற்றவோ அழிக்கவோ வந்த ரெக்கார்டு அங்கே இல்லை. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: இரண்டு பக்கமும் ஏற்கெனவே பிரிந்துவிட்டன. பெரும்பாலும் யாரோ ரெப்ளிகாவில் நேரடியாக எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் அந்த நிகழ்வைத் தாண்டிவிடும் கட்டளை உடனே கிடைக்கும். எந்த ரெக்கார்டு, இரண்டு பக்கமும் என்ன மதிப்பு என்று பார்க்காமல் அதைப் போடாதீர்கள். த்ரெட் ஓடும், பச்சை விளக்கு எரியும், டேட்டா தவறாகவே இருக்கும். ரெக்கார்டைச் சரிசெய்து தொடருங்கள்; அப்புறம் ரெப்ளிகாவில் சூப்பர்_ரீட்_ஒன்லியை இயக்குங்கள்.

போஸ்ட்கிரெஸில் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் 10-ஆம் பதிப்பில் வந்தது. வால்_லெவல் (wal_level) அமைப்பு லாஜிக்கல் என்று இருக்க வேண்டும். டேபிளில் ப்ரைமரி கீ அல்லது ரெப்ளிகா ஐடென்டிட்டி இல்லாவிட்டால் இன்சர்ட் போகும், அப்டேட்டும் டெலீட்டும் மூலத்திலேயே பிழை தரும். டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றங்கள் தானாகப் போகாது. புது நெடுவரிசை சேர்ப்பதென்றால் முதலில் இலக்கில், பிறகு மூலத்தில். மிக ஆபத்தானது கைவிடப்பட்ட ஸ்லாட் (சந்தாதாரர் எதுவரை படித்தார் என்று மூலம் வைத்திருக்கும் குறி). சந்தாதாரர் (இலக்கு) சர்வர் நின்றுபோனாலும் அதற்காக மூல சர்வர் வால் (WAL) என்னும் மாற்றப் பதிவுக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகும், டிஸ்க் நிறைந்து மூலமே நிற்கும்வரை. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் செயல்படாத ஸ்லாட் இருக்கிறதா என்று கண்காணியுங்கள். 13-ஆம் பதிப்பு முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் மூலம் உச்சவரம்பும் வைக்கலாம்.

எஸ்கியூஎல் சர்வரில் சேஞ்ச் டேட்டா கேப்சர் இயல்பாக 3 நாள் மாற்றங்களையும், சேஞ்ச் ட்ராக்கிங் 2 நாள் மாற்றங்களையும் வைத்திருக்கும். உங்கள் நிரல் நீண்ட விடுமுறையில் நின்றுவிட்டால் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். சேஞ்ச் ட்ராக்கிங்கில் ஒவ்வொரு முறையும் உங்கள் பதிப்பு எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று மின் வேலிட் வெர்ஷன் ஃபங்ஷனிடம் கேளுங்கள். செல்லாது என்றால் முழு டேபிளையும் மறுபடி ஏற்றுவதைத் தவிர வழி இல்லை.

படி 7: மதிப்பு மாறிப்போகும் இடங்கள்

இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பாக இல்லாவிட்டால் ரெக்கார்டு வந்து சேர்ந்தும் ஒத்துப்போகாது. எஸ்கியூஎல் சர்வரின் டேட்டைம் வகை விநாடியின் 300-இல் ஒரு பங்குக்கு முழுமையாக்கும். டேட்டைம்2 அப்படிச் செய்யாது. மைஎஸ்கியூஎல்லின் டேட்டைம், துல்லியம் குறிப்பிடாவிட்டால் முழு விநாடிக்கு முழுமையாக்கும், 10:00:00.6 என்பது 10:00:01 ஆகிவிடும். இரண்டு பக்கமும் உள்ள நேரத்தை நேரடியாக ஒப்பிட்டு எது புதியது என்று முடிவு செய்யும் நிரல் இங்கே ஏமாறும். ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல் (NULL, மதிப்பே இல்லை) என்றே எடுத்துக்கொள்ளும். எழுத்துகளில், மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும், எமோஜி 4 பைட், யூடிஎஃப்8எம்பி4 தேவை. தமிழ் உரை கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் எஸ்கியூஎல் சர்வரில் எங்கோ என்வார்சாருக்குப் பதில் வார்சார் நுழைந்திருக்கிறது.

படி 8: ஒப்பிட்டுச் சரிசெய்தல்

ரெக்கார்டு எண்ணிக்கை சமமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. ஐடி வரிசையில் 10,000, 10,000 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் ஹேஷ் (உள்ளடக்கத்தைச் சுருக்கிக் கணக்கிட்ட மதிப்பு) எடுங்கள். வேறுபடும் துண்டை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் தவறான ரெக்கார்டில் போய் நிற்பீர்கள். மைஎஸ்கியூஎல்லுக்கு பெர்கோனா டூல்கிட்டின் பிடி-டேபிள்-செக்சம் இதைச் செய்யும்; எஸ்கியூஎல் சர்வரோடு டேபிள்டிஃப் வருகிறது. ஒப்பிடும்போதும் டேட்டா மாறிக்கொண்டிருக்கும், ஆகவே வேறுபாடு தெரிந்த ரெக்கார்டுகளைச் சில நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் வேறுபட்டால்தான் உண்மையான பிழை.

சரிசெய்யும் ஸ்கிரிப்ட், ரெக்கார்டை மாற்றும் முன் பழைய மதிப்பைத் தனி டேபிளில் எடுத்துவைக்க வேண்டும். சேர்க்கும்போது தாய் டேபிள் முதலில், அழிக்கும்போது சேய் டேபிள் முதலில். இரண்டு பக்கமும் எழுதும் அமைப்பு என்றால் எந்தப் பக்கம் சரி என்பதை நிரலாளர் தானாக முடிவு செய்யக் கூடாது. டேட்டாவுக்குப் பொறுப்பானவரிடம் டேபிள் வாரியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, இலக்கு சர்வரையே முதன்மையாக மாற்றப்போகிறீர்கள் என்றால் சீக்வென்ஸ்களை (அடுத்த ஐடியைத் தரும் எண்ணிகளை) பாருங்கள். போஸ்ட்கிரெஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் இன்று பரவலாக ஓடும் பதிப்புகளில் ரெக்கார்டுகளை மட்டுமே கொண்டுபோகிறது, சீக்வென்ஸின் தற்போதைய மதிப்பைக் கொண்டுபோவதில்லை. மாற்றிய பிறகு வரும் முதல் இன்சர்ட்டே 1 என்ற ஐடியைக் கேட்டு டூப்ளிகேட் கீ பிழையில் விழும். மூலத்தில் எழுதுவதை நிறுத்தி, இலக்கு முழுவதுமாக எட்டிப்பிடித்ததை உறுதி செய்து, ஒவ்வொரு டேபிளின் மிகப் பெரிய ஐடிக்கு மேலே செட்வால் மூலம் சீக்வென்ஸை நகர்த்திவிட்டு, அதன் பிறகே அப்ளிகேஷனை அந்தப் பக்கம் திருப்புங்கள்.